டேப் சுற்றிய கடைசிப் பக்கங்கள்

வெர்னாவின் பிக்கப் வண்டி பண்ணைச் சாலையில் திரும்புவதைப் பார்த்தாலே ஆர்டெல் வட்டாரத்து விவசாயிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். ஆலங்கட்டி மழை அடித்திருக்கும், கனோலாப் பயிர் படுத்திருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முறையாகப் போன் போட்டிருப்பார்கள். ஆனாலும் அவள் இறங்கி வந்து வானத்தை ஒரு பார்வை, பயிரை ஒரு பார்வை, கடைசியில் அவர்கள் முகத்தை ஒரு பார்வை பார்க்கும்போது, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடலாமா என்றிருக்குமாம். அவர்களில் ஒருவரான எல்மர் ஃப்ரீசன் இதைக் காபிக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் வயலுக்கு வரும் நாளில் மட்டும் அவரும் சிரிக்க மாட்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பயிர்ச் சேதத்தை மதிப்பிடுவது அவள் வேலை. சட்டைப் பையில் சின்னக் கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் பயிரை அவள் நம்புவதில்லை, விழுந்து கிடக்கும் பயிரையும் நம்புவதில்லை. தண்டைக் கிள்ளி, நெடுக்காகக் கீறி, உள்ளே கன்றியிருக்கிறதா என்று பார்ப்பாள். வெளியே பச்சையாக நிற்பது உள்ளே செத்திருக்கலாம். வெளியே கந்தலாகத் தெரிவது பத்து நாளில் எழுந்து நின்றுவிடலாம். கீறிப் பார்க்காமல் எதையும் எழுதிக்கொள்ள மாட்டாள்.

இந்தக் குணம் அவளுக்கு வேலையால் வந்ததல்ல. குணத்தைப் பார்த்துத்தான் வேலை வந்தது. முதல் கணவன் டுவைட் பொட்டாஷ் சுரங்கத்தில் இருந்தான். தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான், சாயங்காலம் திரும்புவான், களைத்துப் போயிருப்பான். ஒரு வசந்த காலம் முழுக்க அவன் பூட்ஸில் சுரங்கத்துச் செம்புழுதி ஒட்டவில்லை என்பதை அவள் கவனித்தாள். கேட்கவில்லை. ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அடுத்த ஊர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான். வேலை போய் ரொம்ப நாளாகியிருந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீதான் எப்பிடியும் கண்டுபிடிச்சிருவியே" என்றான் டுவைட்.

அந்தப் பதிலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் முறிந்ததற்கு அவன் பொய்தான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் ஓரெஸ்ட்டைக் கட்டிக்கொண்டாள். தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடும் மனிதன். வீட்டைப் பூட்ட மாட்டான், வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவான், யார் எது சொன்னாலும் "அப்படியா" என்பான். இவனிடம் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லையே என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது. அவனோடு கூட வந்தவள் அவன் மகள் ஹலீனா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பெற்றவள் கல்கரி நகரத்தில் வேறு ஒருவரோடு இருந்தாள்.

முதல் நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஹலீனா கேட்டாள்:

"உங்கள அம்மான்னு கூப்பிடணுமா?"

"வேணாம்."

"வெர்னான்னு கூப்பிடலாமா?"

"அதான் என் பேரு."

இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே காலம் போயிற்று. பெண் ஐஸ் ஹாக்கி ஆடினாள், நிறையத் தின்றாள், கொஞ்சமாகப் பேசினாள். அலமாரியில் எந்தத் துணி இடம் மாறியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். வெர்னா அதைக் கவனித்தாள். வெர்னா கவனித்ததை ஹலீனாவும் கவனித்தாள்.

பதின்மூன்றாவது வயதில் ஹலீனா ஒரு தடித்த புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பேர் 'உப்புக் கோட்டை'. சாப்பாட்டு மேசையில் அதைப் படித்துக்கொண்டே, பக்கத்தின் மேல்விளிம்பு வழியாக வெர்னாவை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை. பெண் பள்ளிக்கூடம் போனதும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

உப்புப் பாறையைச் செதுக்கிக் கட்டிய ஒரு நகரம். அதன் அரசன். அரசனின் மகள் நேரி. அரசன் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவள் உஸ்ரா. உஸ்ரா கறுப்பு உடுத்துவாள், கதவுகளைப் பூட்டுவாள், மாலைதோறும் அரசனுக்கு ஒரு கோப்பையில் எதையோ கலந்து கொடுப்பாள், காரணமில்லாமல் சிரிப்பாள். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து வெர்னா முழுப் புத்தகத்தையும் படித்தாள். ஆத்திரத்தில் படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கிப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "உப்புல கட்டின ஊருன்னு சொல்றான். மழையே பெய்யாதா அங்க? ஒரு பாட்டம் அடிச்சா முடிஞ்சுது கத."

ஓரெஸ்ட் சிரித்துவிட்டான். ஹலீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் புக்க எடுத்தீங்களா?"

"மேசை மேல கெடந்துச்சு."

"என் துணிப் பைக்குள்ள கெடந்துச்சு."

"பை மேசை மேல கெடந்துச்சு."

"அது கற்பனைக் கத, வெர்னா. எழுதுனது அவன் இல்ல, ஒரு பொம்பள" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பெரோகியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போனாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அதன் இரண்டாம் பாகம் வந்தது. 'கரையும் கோட்டை'. அதற்குள் ஊரில் அந்த முதல் புத்தகத்தை நினைவு வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை. ஹலீனா மட்டும் காசு சேர்த்து வரவழைத்தாள். பள்ளி விடுமுறை ஆரம்பித்த வாரம், வெர்னா காலையில் வேலைக்குக் கிளம்பி வண்டிக் கதவைத் திறந்தபோது, அது பக்கத்து இருக்கையில் கிடந்தது.

வெர்னா அதைத் தொடவில்லை. முதலில் நன்றாகப் பார்த்தாள். புத்தகத்தின் பின்பகுதியில் கடைசிப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பால் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

ஹலீனா படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"ரெண்டாவது புக்கு. படிங்க."

"எதுக்கு?"

"நல்லா இருக்கு. அதுக்குத்தான்."

"மொத புக்கு நல்லால்லையே."

"அது நல்லால்ல. இது நல்லாருக்கு."

"பின்னால ஏன் கட்டிருக்கு?"

"அதப் பிரிக்காதீங்க. அது வரைக்கும் படிங்க. வந்ததும் எங்கிட்ட சொல்லுங்க."

"உள்ள என்ன இருக்கு?"

ஹலீனா நாடாவை ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டாள். "பக்கம்தான் இருக்கு, வெர்னா. புக்குல வேற என்ன இருக்கும்?"

எல்மர் ஃப்ரீசனின் வயல் வரைக்கும் வெர்னா அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினாள். மூன்று வருஷத்தில் அந்தப் பெண் அவளுக்கு ஒரு பொருள் கொடுத்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஓரெஸ்ட் வாங்கி, ஹலீனா பேரை எழுதி வைப்பான். இப்போது திடீரென்று ஒரு புத்தகம். அதுவும் மாற்றாந்தாய் வருகிற புத்தகம். அதுவும் முடிவைக் கட்டிப்போட்டு. முடிவில் அந்த உஸ்ரா சாகிறாள் போலிருக்கிறது, அதை என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே எனக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எல்மர் வர நேரமானது. மசூர்ப் பருப்பு வயலோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, சும்மா முதல் பக்கத்தைத் திறந்தாள்.

முதல் வரியே இதுதான்: 'மழை வந்தது.'

வெர்னா புத்தகத்தை மூடிவிட்டாள். வயலைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் திறந்தாள். அந்த நகரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெய்யாத மழை பெய்கிறது. சுவர்கள் கசிகின்றன. மக்கள் பயப்படக் கூடாதென்று உஸ்ரா ஆட்களை விட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசச் சொல்கிறாள். அவள் கதவுகளைப் பூட்டிக்கொண்டு வந்ததே, எந்த அறைக்கு அடியில் தரை கரைந்துவிட்டது என்று வெளியே தெரியாமல் இருப்பதற்காகத்தான். தன் சமையலறையில் பெரோகிக்கு வெங்காயம் போட்டபடி சொன்ன வார்த்தையை எவளோ ஒருத்தி காதில் வாங்கிக்கொண்டு போய்ப் பதில் எழுதிய மாதிரி இருந்தது வெர்னாவுக்கு.

எல்மர் வந்து கண்ணாடியைத் தட்டியபோது அவள் திடுக்கிட்டாள். அவள் திடுக்கிட்டு அவர் பார்த்ததே இல்லை.

"ஏம்மா வெர்னா, புது ரூல்ஸ் புக்கா அது? நஷ்ட ஈட்ட இன்னும் கொறைக்கப் போறாங்களா?"

"கதை."

"கதையா? நீயா?" எல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உள்ள யாராச்சும் இன்சூரன்ஸ் கேக்குறாங்களா?"

"கேட்டா தரமாட்டேன். வாங்க, போய்ப் பாக்கலாம்."

அந்த வாரம் மழை ஜாஸ்தி, வேலையும் ஜாஸ்தி. இருந்தும் வயலுக்கு வயல் நடுவில் வண்டியை ஓரம்கட்டிப் படித்தாள். பிடித்துப் படித்தாள் என்று உடனே ஒத்துக்கொள்ள மாட்டாள். எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான் படிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் புத்தகத்தை இவ்வளவு மோசமாக எழுதிய ஒருத்தி இரண்டாவதை இப்படி எழுதியிருக்க முடியாது. ஒன்று, வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். பின்னட்டையில் இருந்த போட்டோவை முதல் பாகத்துப் போட்டோவோடு வைத்து ஒப்பிட்டாள். அதே பெண்தான். கொஞ்சம் மெலிந்திருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

முதல் பாகத்தில் எல்லாம் நேரியின் கண்ணால்தான் தெரிந்தது. இதில் ஒரு அத்தியாயம் நேரி, மறு அத்தியாயம் உஸ்ரா. உஸ்ரா நல்லவளாகிவிடவில்லை. அது வெர்னாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. கோப்பையில் அவள் கலந்து கொடுத்தது உண்மைதான். அரசனை அரைத் தூக்கத்தில் வைத்திருந்தாள். அவன் விழித்தால் படையைக் கிளப்பிக்கொண்டு போவான், போனால் திரும்ப மாட்டான். அவனைக் காப்பாற்றுவதாகவும் நினைத்தாள், ஆட்சி கையில் இருப்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டும் ஒரே கோப்பையில் கலந்திருந்தன. நேரி ஒளிந்து நின்று அதைப் பார்த்தாள். நேரி பார்ப்பது உஸ்ராவுக்குத் தெரிந்தது. 'இந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம்' என்று ஒரு அத்தியாயத்தில் நினைக்கிறாள். 'சொன்னால் இவள் என்ன செய்வாளோ' என்று அடுத்த வரியிலேயே கதவைப் பூட்டுகிறாள். பூட்டிய சத்தம் கேட்டுத்தான் நேரி கத்தியை எடுக்கிறாள்.

அந்த இடத்தில் வெர்னா வண்டியை விட்டு இறங்கி வயல் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள்.

வீட்டில் ஹலீனா தினமும் கேட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"சுவர் விழுற எடம்."

"எந்தச் சுவரு? தெக்கா, வடக்கா?"

"தெக்கு."

"ஐயோ, அப்ப இன்னும் அந்தக் குதிர வரலையா!" ஹலீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லல."

இவ்வளவு பேச்சு அந்தப் பெண்ணிடமிருந்து வந்ததே இல்லை. பெண் தன் முகத்தையே உற்றுப் பார்ப்பது வெர்னாவுக்குத் தெரிந்தது. பயிரைக் கீறும்போது தான் எப்படிப் பார்ப்பாளோ அதே பார்வை.

"உன் மகளுக்கு எங்கிட்ட என்னமோ வேணும்" என்றாள் ஓரெஸ்ட்டிடம்.

அவன் புல்வெட்டி இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான். "புக்கு குடுத்தா. வேற என்ன வேணும்?"

"அதான் கேக்குறேன். ஏன் குடுத்தா?"

"நீ படிக்கணும்னு."

"நான் ஏன் படிக்கணும்?"

"அம்மா தாயே, நீ போலீஸ்ல சேந்திருக்கலாம். அந்த ஸ்பேனர எடு."

சனிக்கிழமை வெர்னா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மாடி ஜன்னல் திறந்திருந்தது. ஹலீனா போனில் பேசுவது கேட்டது. கல்கரியில் இருக்கிற அம்மாவோடு.

"இல்லம்மா, இன்னும் அவங்க முடிக்கல... முடிக்கட்டும், அதுக்கப்புறம்தான் வருவேன்... இல்ல, அவங்ககிட்ட இன்னும் சொல்லல. முடிச்சதும் சொல்றேன்."

வெர்னாவின் கையில் ஓரெஸ்ட்டின் சட்டை அப்படியே நின்றது. வருவேன் என்றால் எங்கே? கல்கரிக்கு. எதற்கு? இருப்பதற்குத்தான். இதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அதன் முடிவைச் சொல்ல வைக்கிறாள். நேரி நகரத்தை விட்டுப் போவாள். நீங்களே படிச்சுக்கோங்க வெர்னா, நானும் அதான் செய்யப்போறேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும் விவசாயிகளின் கணக்கைத்தான் அவள் வழக்கமாக நம்ப மாட்டாள். அன்றைக்கு அது அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பகலில், தெற்குப் பக்கத்து ஒரு கோதுமை வயல் அருகே, அவள் டேப் வரைக்கும் வந்துவிட்டாள். உஸ்ராவும் நேரியும் இடிந்த மண்டபத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். கோப்பை நடுவில் இருக்கிறது. அதற்கு மேல் டேப்.

சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். எடுக்கும்போது கை தயங்கவில்லை. வெட்டும்போதும் தயங்கவில்லை.

முதலில் அவள் கதையைப் படிக்கவில்லை. தாளைத் தாளாகப் புரட்டி, பென்சில் கோடு இருக்கிறதா, துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று தேடினாள். ஓரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தாள்கள் புத்தம் புதிதாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகுதான் படித்தாள். நேரி கோப்பையை எடுத்து உஸ்ராவின் பக்கம் தள்ளுகிறாள்: 'நீ குடி.' உஸ்ரா குடிக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் முழுக்கக் குடித்துவிட்டு, எழுந்து போய் நகரத்தின் வாசலைத் திறந்து வைக்கிறாள். நேரி மழைக்குள் நடந்து போகிறாள். உஸ்ரா வாசலைச் சாத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

வெர்னா கண்ணாடி வழியாகக் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இப்படி ஒரு முடிவை எழுத அந்தப் போட்டோவில் இருந்த பெண்ணால் முடியுமா என்ற சந்தேகம் அப்போது அவளுக்கு வரவில்லை. எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று தோன்றியது.

வழியில் ஐஸ் ஹாக்கி மைதானத்துக் கடையில் அதே வெள்ளை டேப்பை வாங்கினாள். வண்டியிலேயே உட்கார்ந்து இறுக்கமாக, ஒழுங்காகச் சுற்றினாள்.

வீட்டில் பின்கட்டுத் திண்ணையில் ஹலீனா இரண்டு நாற்காலிகளைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை ஜூஸ் ஜாடி ஒன்று இருந்தது.

"வந்துட்டீங்களா? எங்க இருக்கீங்க?"

"டேப்பு வரைக்கும் வந்தாச்சு."

ஹலீனாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை வெர்னா அந்த வீட்டில் பார்த்ததில்லை. "நெஜமாவா? சரி, உக்காருங்க, உக்காருங்க. நான் வாசிக்கிறேன், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க. எனக்கு இதுக்கு மேல பொறுக்க முடியாது. போன வாரத்துலேர்ந்து தூக்கமே இல்ல."

"நீ... நீ படிச்சதுதானே?"

"எங்க படிச்சேன்! கோப்ப வைக்கிற எடத்துல நிறுத்திட்டேன். தனியா முடிச்சா யார்கிட்ட பேசுறது? ஸ்கூல்ல ஒருத்தி கூட மொத புக்கையே தாண்டல. நீங்கதான் மழ பெய்யாதான்னு கேட்டீங்க. அப்ப எனக்கும் அதே டவுட்டுதான், வெளிய சொல்லல, அவ்வளவுதான். மழ வந்ததும் உங்கள நெனச்சேன். எங்கம்மாகிட்ட கூடச் சொல்லிட்டேன், இத முடிச்சுட்டுத்தான் வருவேன்னு."

"கல்கரிக்கா?"

"ஹாக்கி கேம்ப்புக்கு. ரெண்டு வாரம். முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன், அப்பாகிட்டயும் இன்னும் சொல்லல."

ஹலீனா டேப்பின் நுனியை நகத்தால் நெருடினாள். நெருடிக்கொண்டிருந்த விரல் நின்றது. புத்தகத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

மட்டைக்கு டேப் சுற்றுகிற எல்லாருக்கும் ஒரு கைவாகு உண்டு. ஹலீனா கீழிருந்து மேலாகத்தான் சுற்றுவாள். இது மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். "பிரிச்சீங்களா?"

வெர்னா பொய் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். எதிரில் நிற்பது ஓரெஸ்ட் அல்ல.

"பிரிச்சேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எதுக்கு?"

வெர்னா வாயைத் திறந்தாள். நீ போகப் போகிறாய் என்று நினைத்தேன், உள்ளே சீட்டு வைத்திருப்பாய் என்று நினைத்தேன், அந்த உஸ்ராவை வைத்து என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். மனசுக்குள் வரிசையாக நின்ற இவை ஒவ்வொன்றும் சொல்ல வந்தபோது அசிங்கமாக இருந்தன.

"உள்ள என்னமோ இருக்குன்னு நெனச்சேன்."

"என்ன இருக்கும்? பாம்பா?" ஹலீனாவின் குரல் உடைந்தது. "எல்லாத்தையும் வெட்டித்தான் பாப்பீங்களா? ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஒண்ணே ஒண்ணு." புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மாடியில் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாளே பஸ் ஏறிக் கல்கரிக்குப் போய்விட்டாள். கேம்ப் தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஓரெஸ்ட் அவளை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வெர்னாவிடம் குரலை உயர்த்தினான்.

"மூணு வருஷமா அந்தப் பொண்ணு உங்கிட்ட ஒரு வழி தேடிட்டு இருந்தா, வெர்னா. கெடச்ச ஒரு வழியையும் நீ கத்தியால அறுத்துட்ட."

"தெரியும்."

"தெரியும்னா?"

"தெரியும்னா தெரியும், ஓரெஸ்ட். விடு."

அவன் விட்டுவிட்டான். சாயங்காலம் வழக்கம்போல் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். அவள் அதை ஆறவிட்டுக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

ஹலீனா திரும்ப மாட்டாள் என்று வெர்னா முடிவு கட்டிவிட்டாள். கேம்ப் முடியும், அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் பார்ப்பார்கள், இலையுதிர்காலத்தில் ஓரெஸ்ட் அவள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். மாடி அறையில் அவள் எதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், எதை விட்டுப் போயிருக்கிறாள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறினாள். பிறகு இறங்கிவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை.

போன் பண்ணலாமா என்று பலமுறை யோசித்தாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் எதற்காகக் கேட்கிறாள் என்று அந்தப் பெண் சந்தேகப்படும். தான் அப்படித்தான் சந்தேகப்படுவாள். அதனால் பண்ணவில்லை.

கேம்ப்பின் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை, எல்மரின் பருப்பு வயலில் குனிந்திருந்தபோது போன் அடித்தது. கல்கரி நம்பர்.

"அந்தக் கோப்பையில வெஷம் இருந்துச்சா, இல்லையா?" எடுத்த எடுப்பில் ஹலீனாவின் குரல்.

வெர்னா நிமிர்ந்தாள். "படிச்சிட்டியா?"

"இங்க லைப்ரரில எடுத்தேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"இல்லவே இல்ல! இருந்தா அவ செத்திருப்பால்ல? வாசல்ல உக்காந்துதானே இருக்கா!"

"உக்காந்திருக்கான்னுதான் எழுதிருக்கு. உயிரோட உக்காந்திருக்கான்னு எழுதல."

பக்கம் புரட்டும் ஒலி கேட்டது.

"நீங்க ரொம்ப மோசம், வெர்னா" என்றாள் ஹலீனா மெதுவாக. "சரி. அப்பிடின்னா நேரிக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் குடுத்தாளா?"

"தெரியாதுன்னு நெனக்கிறேன்."

"நான் தெரியும்னு நெனக்கிறேன்."

"எத வச்சு சொல்ற?"

"அவ கோப்பையப் பாக்கல. அந்தப் பக்கம் முழுக்க உஸ்ரா மொகத்த மட்டும்தான் பாக்குறா. தெரியாதவ கோப்பையத்தான் பாப்பா."

வெர்னா அதைக் கவனித்திருக்கவில்லை. சீட்டுத் தேடிய அவசரத்தில் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டியிருந்தாள். அதை அப்படியே சொன்னாள். "நான் அந்தப் பக்கத்த ஒழுங்காப் படிக்கல. உள்ள நீ ஏதாச்சும் எழுதி வச்சிருப்பியோன்னு தேடிட்டு இருந்தேன்."

"நான் என்ன எழுதப்போறேன்?"

"வீட்ட விட்டுப் போறேன்னு."

வயலின் மறுகோடியில் எல்மர் காத்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தள்ளிப்போய் வண்டியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள் ஹலீனா கடைசியில்.

"இருக்கட்டும்."

"அந்தப் பக்கத்த மறுபடி படிங்க. நான் வியாழக்கெழம பஸ்ல வர்றேன். அதுக்குள்ள படிச்சு வைங்க."

வியாழக்கிழமை பெட்ரோல் பங்க் வாசலில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், ஹலீனா இறங்கவில்லை. வரவில்லை போலிருக்கிறது, சும்மா சொல்லியிருக்கிறாள் என்று வெர்னா நினைப்பதற்குள் மட்டைப் பையோடு முட்டி மோதிக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினாள்.

ஹலீனா வந்ததும் தன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமென்று கேட்டாள். ஓரெஸ்ட் தர்மசங்கடமாகப் பார்த்தான். வெர்னாதான் கடைக்குப் போய் நல்ல தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி வந்து, தானே திருகாணி போட்டு மாட்டினாள். உள்பக்கமிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லி, வெளியே நின்று தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. சரி என்றாள்.

ஹலீனா இப்போது சாஸ்கடூனில் நர்ஸுக்குப் படிக்கிறாள். கோப்பை விஷயத்தில் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் ஓரெஸ்ட் எடுத்து, "இந்தா, உங்க உப்புக் கேஸு" என்று வெர்னாவிடம் நீட்டிவிட்டு, டீவி சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறான்.